சாயத்தண்ணிக்கு ரெண்டு மணித்தியாலம் பொறு, ராசாத்தி

வாடி ராசாத்தி. அந்த ரிப்போர்ட்ட நாலா மடிச்சு கைப்பைக்குள்ள ஒளிச்சு வச்சா ரத்தம் ஊறிடுமா? கொடு இங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான், ஆனா நம்பர் தெரியும். தோட்டத்து டிஸ்பென்சரியில ஆயம்மாவா நின்னு போத்தல் கழுவினவ நான். டாக்டர் ஐயா வராத நாள்ல பாதித் தோட்டம் என் வாயத்தான் பார்த்துக்கிட்டு நிக்கும். உங்கம்மா வயித்துல இருக்கிறப்ப எனக்கே எத்தன குளிசை கொடுத்தாங்க, அதுல எத்தன வயித்துக்குப் போச்சுங்கிற கணக்கெல்லாம் இப்ப வேணாம்.

8.9 போட்டிருக்கு. பொம்பளைக்கு 12-க்குக் கீழ போனா ரத்தக் கொறைச்சல். புள்ளத்தாச்சிக்கு 11, ஆம்பளைக்கு 13. இது நம்ம தோட்டத்துக் கணக்கு இல்ல, உலக சுகாதாரக்காரங்க போட்ட கணக்கு. நீ ஒம்பதக் கூடத் தொடல. கண்டி டவுன்ல கடை மேல்மாடிக்கு ஏறினா மூச்சு வாங்குதுன்னு லிப்ட் வைக்காத முதலாளியத் திட்டினியே, பாவம் அந்த மனுசன்.

நானும் ஒரு பெரிய விசயத்துல ஏமாந்துதான் இருக்கேன் போல. அரிசி மூட்டையில எலி பூந்திருச்சுன்னு பூனை தேடிக்கிட்டு இருந்தோம். எலி லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு கண்டி பஸ்ல போயிட்டு வருதுன்னு யாருக்குத் தெரியும்? பச்சரிசிய நறுக்கு நறுக்குன்னு மெல்லத் தோணுறது, ஐஸ் கட்டிய கடிக்கத் தோணுறது, மழை பெய்ஞ்ச மண்வாசத்துக்கு நாக்கு ஊறுறது, யாரும் பார்க்காதப்ப திருநீற வாயில போட்டுக்கிறது, இதெல்லாம் இரும்பு குறைஞ்ச உடம்பு பண்ற சேட்டை. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாம போறாளேன்னு உங்கம்மா ஊரெல்லாம் பெருமை அடிச்சா. நெத்தியில ஒரு கோடு, வாயில ஒரு பிடின்னு பிள்ளையாருக்குத்தான் தெரிஞ்சிருக்கு.

சரி, ரிப்போர்ட் வந்த உடனே உங்கம்மா என்ன பண்ணினா? மார்க்கட்டுக்கு ஓடி பீட்ரூட்டு, மாதுளை, பேரீச்சம்பழம்னு பை நிறைய தூக்கிட்டு வந்தா. செவப்பா இருந்தா ரத்தமாம். அப்படின்னா தலதா மாளிகை வாசல்ல விக்கிற செந்தாமரைய அரைச்சுக் குடிச்சிருக்கலாம், காசும் மிச்சம், புண்ணியமும் கிடைச்சிருக்கும். நூறு கிராம் பீட்ரூட்டுல இரும்பு ஒரு மில்லிகிராம் கூட இல்ல. மாதுளை முத்துல அரை மில்லிகிராமுக்கும் குறைவு. பேரீச்சம்பழம் நூறு கிராம் தின்னா சுமாரா ஒரு மில்லிகிராம் கிடைக்கும், கூடவே சீனி கிடைக்கும், அதுக்கு மேல நீரிழிவு கிளினிக்குல ஒரு கார்டு கிடைக்கும். மாசாமாசம் போக்கு இருக்கிற பொம்பளைக்கு ஒரு நாளைக்குச் சராசரி ஒண்ணரை மில்லிகிராம் உள்ள போய்ச் சேரணும். தின்னா போதாது, சேரணும். செடியில இருந்து வர்ற இரும்புல பத்துல ஒரு பங்கு சேர்ந்தாலே பெரிசு. மாதுளைய வச்சு அந்தக் கணக்க நீயே போட்டுப் பாரு. நம்ம சம்பளத்துக்கு நிலத்தைத்தான் விக்கணும், அதுவும் நம்ம பேர்ல இல்ல.

பீட்ரூட்ட தின்னாதேன்னு சொல்லல. ருசிக்குத் தின்னு. ஆனா மறுநாள் கக்கூஸ்ல செவப்பப் பார்த்துட்டு ரத்தம் ஊறி வழியுதுன்னு உங்கப்பன் மாதிரி ஊரக் கூட்டாத.

இப்ப உண்மையான திருடன் யாருன்னு சொல்றேன். சத்தம் போடாத, நம்மளுக்குச் சோறு போடுறவன் அவன்தான்.

தேத்தண்ணி.

முறைக்காத. மூணு தலைமுறையா கொழுந்து பறிச்ச வீட்டுல இப்படிச் சொன்னா தொழிற்சங்கக்காரங்க என்னைக் கட்சிய விட்டே தள்ளிடுவாங்க. மேல நின்னு பார்த்தா தெரியுதே அந்தப் பக்கம், லூல்கந்துரை, அங்கதான் 1867-ல ஜேம்ஸ் டெய்லர் துரை பத்தொம்பது ஏக்கர்ல தேயிலை நட்டார். அதுக்கு முன்னாடி இந்த மலையெல்லாம் கோப்பி. கோப்பிக்கு நோய் வந்து செத்துப்போச்சு, தேயிலை வந்துச்சு, கோப்பிக் காலத்துலயே வந்திருந்த நம்ம சனமும் கூடையத் தூக்கிச்சு. அன்னையில இருந்து இன்னிவரைக்கும் விடிஞ்சா சாயத்தண்ணி, பத்து மணிக்கு ரொட்டியோட சாயத்தண்ணி, பகல் சோத்துக்கு மேல ஒரு சாயத்தண்ணி, நாலு மணிக்கு, ராத்திரிக்கு, விருந்தாளி வந்தா, விருந்தாளி போனா. நல்ல தூள் கப்பலேறிப் போகுது, அடியில கிடக்கிறத நாம கொதிக்கக் கொதிக்க விட்டுக் கருக்க வச்சுக் குடிக்கிறோம். அப்புறம் ரத்தம் இல்ல ரத்தம் இல்லன்னா எங்க இருந்து வரும்?

நம்பலைன்னா ஒரு வேலை பண்ணு. துருப்பிடிச்ச ஆணி ஒண்ண ஒரு கோப்பை சாயத்துல போட்டு ராத்திரி முழுக்க வச்சிரு. காலையில கறுப்பு மை இருக்கும், அதத் தொட்டு எழுதக்கூட எழுதலாம். அந்தக் காலத்துல வெள்ளக்காரன் எழுதுற மையே இப்படித்தான் செஞ்சான், மாசிக்காயில இருக்கிற துவர்ப்பையும் இரும்பையும் சேர்த்து. தேத்தண்ணியில நாக்க இழுக்குதே, அந்தத் துவர்ப்புதான் இரும்பைக் கட்டிப்பிடிச்சுக்கும். ரெண்டும் கட்டிப்பிடிச்சா கரையாது. கரையாதது குடல்ல ஏறாது. நீ தின்ன கீரையில இருந்த இரும்புல பெரும்பங்கு அப்படியே கீழ போயிரும்.

இத நான் சொல்லல. பேராதனை கெம்பஸ்ல படிக்கிற உன் தம்பி லீவுக்கு வந்தப்ப போன்ல பார்த்து வாசிச்சான். 1975-லயே தென்னாப்பிரிக்கா டாக்டர்மார் சோத்தக் கொடுத்து, கூடவே உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் கொடுத்து, தேத்தண்ணியோட எவ்வளவு இரும்பு ஏறுது, இல்லாம எவ்வளவு ஏறுதுன்னு அளந்து பார்த்திருக்காங்க. தேத்தண்ணியோட ரொம்பக் குறைவாத்தான் ஏறிச்சு. தேசிக்காயில இருக்கிற புளிப்புச் சத்தை, அதான் விட்டமின் சி-ய, சேர்த்தும் பார்த்திருக்காங்க, அப்பவும் தேத்தண்ணி அடக்கிருச்சு. அதனால தேசிக்காய் புழிஞ்ச சாயத்தண்ணி குடிச்சா சரியாயிடுமான்னு குறுக்குவழி கேட்டுக்கிட்டு வராத.

1983-ல அமெரிக்காவில இன்னொரு ஆராய்ச்சி. இறைச்சி வச்ச பாணோட தேத்தண்ணி குடிச்சா இரும்பு நூத்துக்கு 64 பங்கு குறைஞ்சுதாம், கோப்பி குடிச்சா 39. இதுல உனக்குத் தேவையானது ஒண்ணு இருக்கு, கவனமா கேளு. கோப்பிய சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னாடி குடிச்சப்ப ஒண்ணும் குறையல. ஒரு மணித்தியாலம் பின்னாடி குடிச்சப்ப கூடச் சேர்த்துக் குடிச்ச அளவுக்கே குறைஞ்சு போச்சு. சோறு இன்னும் வயித்துலதானே கிடக்கு! ஆகையால முன்னாடி குடிக்கிறதுதான் கெட்டிக்காரத்தனம். விடியக் காலம்பற எழும்பினதும் ஒரு சாயத்தண்ணி குடிச்சுக்கோ, வயிறு காலி, திருட அங்க ஒண்ணும் இல்ல. ஒரு மணித்தியாலம் கழிச்சு சாப்பிடு. சாப்பிட்ட பிறகு ஒண்ணரை, ரெண்டு மணித்தியாலம் வாயக் கட்டு.

முடியாதா? பெரஹரா பார்க்க இடம் பிடிச்சுக்கிட்டு மத்தியானத்துல இருந்து ராத்திரி வரைக்கும் ரோட்டோரம் உக்கார முடியுது, ஒரு தேத்தண்ணிக்கு ரெண்டு மணித்தியாலம் பொறுக்க முடியாதாக்கும்.

டவுனுக்குப் போன பிறகு நீ பகல்ல என்ன திங்கிறேன்னும் எனக்குத் தெரியும். ரோல்ஸ் ஒண்ணு, பால் தேத்தண்ணி ஒண்ணு. மாவும் உருளைக்கிழங்கும், மேல தேயிலைத் துவர்ப்பு, அதுக்கு மேல பால்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்து. இரும்புக்கு எதிரா ஆள் திரட்டிட்டுப் போறியா, சாப்பிடப் போறியா?

சோத்துப் பொட்டலம் கட்டிக்கிட்டுப் போ. வெட்கப்படாத, தேக்கிலைக்கு பதிலா இப்பத்தான் பிளாஸ்டிக் பெட்டி இருக்கே. என்ன கட்டணும்னு கேக்கிறியா? நெத்தலிக் கருவாடு. முள்ளோட தலையோட தின்னுறது. மீன், இறைச்சி, ஈரல்ல இருக்கிற இரும்புல ஒரு பங்கு வேற சாதி. அத குடல் அப்படியே எடுத்துக்கும், நூத்துக்கு பதினஞ்சுல இருந்து முப்பத்தஞ்சு பங்கு வரைக்கும் ஏறும், சமைச்சதுன்னா தேத்தண்ணியால கூட பெரிசா ஒண்ணும் பண்ண முடியாது. அதோட விட்டுச்சா? பக்கத்துல இருக்கிற பருப்போட இரும்பையும் கையப் பிடிச்சு கூட்டிக்கிட்டு உள்ள போகும். கோழி ஈரல் நூறு கிராம்ல ஒம்பது மில்லிகிராம் கிட்ட இருக்கு. கோழிக் கடையில இறைச்சி விலைக்குப் பயந்து திரும்பி வர்றீங்களே, ஈரல் அத விட மலிவு. புள்ளத்தாச்சி மட்டும் ஈரலை அடிக்கடி திங்கக்கூடாது, அதுல விட்டமின் ஏ மிஞ்சிப் போகும். நீ இன்னும் அந்த லிஸ்டுல இல்ல, திங்கலாம்.

ஆனா இதுல ஒரு ரகசியம் இருக்கு. நம்ம வீட்டுல நெத்தலி வாங்கலையா? வாங்குறோம். அது எங்க போகுது? முதல் தட்டு உங்கப்பனுக்கு. ரெண்டாவது தட்டு தம்பிக்கு, படிக்கிற புள்ளயாம். அப்புறம் சின்னவனுக்கு. கடைசியா உங்கம்மா சட்டிய வழிச்சு ஆணத்தில சோத்தைப் பிரட்டித் தின்பா. நீ டயட் இருக்கேன்னு சொல்லிட்டு முன்னாடி சொன்ன அரிசி மூட்டைக்குப் போயிருவ. மாசாமாசம் ரத்தம் போகாத ஆம்பளைக்குத் தினம் ஒரு மில்லிகிராம் போதும், அவங்க தட்டுல கருவாடு குவிஞ்சு கிடக்கு. தேவைப்படுற ரெண்டு பேரும் ஆணம் குடிக்கிறீங்க. இனி கரண்டி என் கையில. உங்கப்பன் கேட்டா, கெழவிக்குக் கண்ணு தெரியல, தட்டு மாறிப்போச்சுன்னு சொல்லு.

மரக்கறிதான் வேணும்னு வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறியா, பிடி. அதுக்கும் வழி இருக்கு. தென்னாப்பிரிக்காவிலயே 1983-ல இந்திய வம்சாவளிப் பொம்பளைங்கள வச்சு மரக்கறி ஒவ்வொண்ணா பார்த்திருக்காங்க. நம்மள மாதிரி கடல் தாண்டிப் பிழைக்கப் போன சனம், அதனால நமக்குப் பொருந்தும்னு எடுத்துக்கலாம். பசளி மாதிரி கீரை, பருப்பு, கத்தரிக்காய்ல இருந்து இரும்பு கொஞ்சமாத்தான் ஏறிச்சு. கோவா, கரட், பூசணி, தக்காளி, பூக்கோவாவில இருந்து நல்லா ஏறிச்சு. ஆனா இதுகள்ல இரும்பே கொஞ்சம்தான். இருக்கிறவன் கொடுக்க மாட்டான், கொடுக்கிறவன்கிட்ட இல்ல, நம்ம சொந்தக்காரங்க நிலைமைதான். அதனால ரெண்டையும் ஒரே தட்டுல உக்கார வை. பருப்போட தக்காளி. வல்லாரைச் சம்பலுக்கு தேசிக்காய். சிங்களச் சனம் வல்லாரைய அரிஞ்சு வெங்காயம், தேங்காய்ப்பூ, பச்சைக் கொச்சிக்காய் போட்டு, சமைக்காமலே மேல தேசிக்காய் புழிஞ்சு வைக்கிறாங்களே, அத யார் சொல்லிக் கொடுத்தாங்களோ, கையெடுத்துக் கும்பிடலாம். புளிப்புச் சத்து நெருப்புல செத்துப் போகும், அதனால அடுப்ப விட்டு இறக்கின பிறகுதான் புழியணும். உங்கம்மா கொதிக்கிற பருப்புலயே புழியுறா. சாப்பிட்டு முடிய அந்தச் சத்துக்காகவே மாதுளைக்கு பதிலா கக்கூஸ் பக்கத்து மரத்துக் கொய்யா ஒண்ணு தின்னு. மரம் நிக்கிற இடத்தப் பார்த்து மூக்கச் சுளிக்காத, பழம் அந்தரத்துலதான் தொங்குது.

பயற முளைக்க வச்சுத் தின்னா நல்லது. தோசை மாவு புளிச்சாலும் நல்லது, தானியத்துல இரும்பைப் பிடிச்சு வச்சிருக்கிற சங்கதி அப்பத்தான் கொஞ்சம் பிடிய விடும். குரக்கனும் முருங்கைக்கீரையும் தின்னு, ஆனா போன்ல வர்ற வீடியோக்காரன் சொல்ற அளவுக்கு அதுல இல்ல. அவன் காய்ஞ்ச முருங்கைப் பொடிக்கணக்கப் பச்சைக்கீரைக்குப் போட்டுச் சொல்லுவான். காயவச்சா தண்ணி போய் மிச்சமெல்லாம் கூடத்தான் தெரியும்.

இவ்வளவும் சொன்னேன், இப்ப நெசத்தச் சொல்றேன். 8.9 வந்த பிறகு தின்னு தின்னே ஏத்திடலாம்னு நினைக்காத. சாப்பாடு மறுபடி விழாம பிடிச்சு நிறுத்தும். விழுந்தத தூக்கக் குளிசைதான் வேணும்.

குளிசைன்னதும் மூஞ்சி போற போக்கப் பாரு. வயித்தப் பிரட்டுது, மலம் கட்டுது, கறுப்பாப் போகுது. ஆமா, போகும். ஏறாத இரும்பு கறுப்பாத்தான் போகும். அதுக்காகக் காளி கோயிலுக்கு நேர்ந்துக்க வேணாம். ஆனா குளிசை போடாத ஆளுக்குத் தார் மாதிரி கறுப்பா, ஒட்டிக்கிட்டுப் போனா அது வேற கதை, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வயித்தப் பிரட்டுனா சாப்பாட்டோட ஒட்டிப் போட்டுக்கோ, கொஞ்சம் குறைவா ஏறும், பரவால்ல, தூக்கி எறியுறத விட மேல். வெறும் வயித்துல தாங்கினா அதுதான் நல்லது. தண்ணியோடயோ, சீனி குறைச்ச தேசிக்காய்த் தண்ணியோடயோ போடு. தேத்தண்ணியோட போட்டுட்டு வந்து என்கிட்ட நிக்காத, அந்த ஆணிய உனக்கு மறுபடி காட்டுவேன். கிளினிக்குல சுண்ணாம்புக் குளிசையும் கொடுத்தா ரெண்டையும் ஒண்ணா முழுங்காத. ஒண்ணு காலையில, ஒண்ணு ராத்திரியில. நம்ம பொம்பளைங்க எல்லாத்தையும் உள்ளங்கையில கொட்டி ஒரே மடக்குல முடிச்சிருவாங்க, வேலைய முடிச்ச திருப்தி.

ஒரு நாள் விட்டுட்டேன்னு மறுநாள் மூணு முழுங்கிற கூட்டமும் இருக்கு. அது ஏன் வேலைக்காகாதுன்னு சொல்றேன். பிரட்டுக் களத்துல காலம்பற கணக்கப்பிள்ளை பேர் போடுறத உங்கம்மாகிட்டக் கேட்டிருப்ப. மலைக்குத் தேவையான ஆள் வந்து பேர் பதிஞ்சதும் புத்தகத்த மூடிருவார். அப்புறம் நூறு பேர் ஓடி வந்தாலும் திரும்பி வீட்டுக்குத்தான், நாளைக்கு வா. நம்ம குடல் வாசல்லயும் அப்படி ஒருத்தர் இருக்கார், ஈரல்ல இருந்து வர்றவர், பேரு ஹெப்சிடின். ஒரு பெரிய குளிசை உள்ள போச்சுன்னா அவர் தலையெடுத்துப் புத்தகத்த மூடிருவார், ஒரு நாள் கிட்ட திறக்க மாட்டார். அன்னைக்கே இன்னொண்ணு போட்டா வாசல்ல நின்னு வயித்தக் கலக்கிட்டுப் போகும். சூரிச்சில 2017-ல இரும்பு குறைஞ்ச இளம்பொம்பளைங்களுக்குத் தினமும் ஒண்ணும், ஒருநாள் விட்டு ஒருநாள் ஒண்ணும் கொடுத்துப் பார்த்தப்ப, ஒருநாள் விட்டுப் போட்டவங்களுக்குத்தான் ஒவ்வொரு குளிசையில இருந்தும் கூட ஏறிச்சு, 16-க்கு பதிலா நூத்துக்கு 22 பங்கு கிட்ட. அதனால தினமும் ஒத்துக்கலைன்னா ஒருநாள் விட்டுப் போடலாமான்னு டாக்டர்கிட்டக் கேளு. கேளுன்னுதான் சொன்னேன். கெழவி சொன்னான்னு நீயா மாத்திக்காத. புள்ளத்தாச்சிகள் மிட்வைஃப் மிஸ்ஸி சொல்றபடிதான் போடணும், அவங்களுக்கு ஒன்பது மாசத்துல ஆயிரம் மில்லிகிராம் கிட்ட இரும்பு வேணும், விளையாட்டில்ல.

மிஸ்ஸின்னதும் ஞாபகம் வருது. தோட்டத்துல புள்ளத்தாச்சி வீட்டுக்கு மிஸ்ஸி வர்றப்ப, எல்லாரும் குளிசை தவறாமப் போடுறதாத்தான் தலையாட்டுவாங்க. மிஸ்ஸியும் எழுதிக்கும். நான் பின்னால போய் பிஸ்கட் டின்ன திறந்தா உள்ள ரெண்டு மாசத்துக் குளிசை கிடக்கும். திரிபோஷா 1973-ல இருந்து அரசாங்கம் கொடுக்குது, தாய்க்கும் புள்ளைக்கும் சோளமும் சோயாவும் கலந்து இரும்பும் சேர்த்த மா. அதை தேங்காய்ப்பூ, சீனி போட்டு உருண்டை பிடிச்சா யார் தின்னாங்க? மீசை வச்ச புள்ளத்தாச்சிங்க. லயத்து வாசல்ல உக்காந்து மூணு உருண்டை, மேல ஒரு சாயத்தண்ணி.

அந்த பிஸ்கட் டின் பத்தி இன்னொண்ணு, இதுல விளையாட்டு இல்ல. செவப்பா மினுக்குற குளிசையச் சின்னப் புள்ளைங்க இனிப்புன்னு நினைச்சு அள்ளித் தின்னா உயிரே போகும். கையளவு போதும். டின் மேல் தட்டுல, மூடி இறுக்கி, சின்னவன் கைக்கு எட்டாம இருக்கணும்.

சரி, உள்ள போறதப் பத்தியே பேசினா எப்படி? வெளிய போறது யார் பார்க்கிறது? அட்டை கடிச்சு ரத்தம் போச்சுன்னு மலைக்குப் போற பொம்பளைங்க சொல்லுவாங்க. அட்டை பாவம், கண்ணுக்குத் தெரியுது, அதனால திட்டு வாங்குது. ஒரு தடவ குடிச்சிட்டு விழுந்துரும். கொக்கிப்புழு குடலுக்குள்ள கடிச்சுக்கிட்டு வருசக்கணக்கா குடியிருக்கும். ஒரு புழு நாளைக்கு ஒரு சொட்டு, ரெண்டு சொட்டுக் குடிக்கும், ஆனா அது ஒத்தையா இருக்காது. 1916-ல மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்கள்ல அமெரிக்க ராக்பெல்லர் அறக்கட்டளைக் காசுல டாக்டர்மார் வந்து புழுவுக்கு மருந்து கொடுத்த கதை இருக்கு. ஓமத்துல இருந்து எடுக்கிற தைமோல், நாத்தம் பிடிச்ச செனோபோடிய எண்ணெய், ரெண்டுல ஒண்ணு. குடிச்சவங்க தலை சுத்திப் படுத்தாங்க. புழுவும் விழுந்துச்சு. மலையில கக்கூஸ் கட்டாம விட்டதால கொஞ்ச நாள்ல மறுபடி ஏறிருச்சு. வெறுங்காலோட ஈரமண்ணுல நடந்தா பாதத்து வழியாவே உள்ள வர்றது அது. இப்ப ஒரே ஒரு குளிசைதான், கிளினிக்குலயே கொடுப்பாங்க, புள்ளத்தாச்சிக்குக் கூட மூணு மாசம் கழிச்சுக் கொடுப்பாங்க. அதப் போட்டுட்டு லயத்துப் பின்பக்கம் வெறுங்காலோட நடக்காத. செருப்பே போட்டதில்லைன்னு பெருமை பேசின தாத்தா செத்தப்ப அவருக்கு ரத்தமே இல்ல.

அப்புறம் உன் மாசப் போக்கு. பெரியவங்க முன்னால பேசக்கூடாதுன்னு உங்கம்மா வாயப் பொத்தி வளர்த்திருக்கா. எனக்குக் காது கேக்காது, சொல்லு. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் மாத்துறியா? கட்டிகட்டியா போகுதா? ஏழு நாளைக்கு மேல நிக்குதா? அப்படின்னா வாளியில ஓட்டை, எவ்வளவு ஊத்தினாலும் நிறையாது. பெரியாஸ்பத்திரியில அதுக்குன்னு கிளினிக் இருக்கு, லேடி டாக்டர் கேக்கிறப்ப தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்காம வாயத் திறந்து சொல்லு. உங்கப்பனுக்கும் ரத்தம் குறைவா இருந்தா அத சாப்பாட்டுமேல போடாத. ஆம்பளைக்கு இரும்பு குறைஞ்சா வயித்துல எங்கயோ கசியுதுன்னுதான் முதல்ல தேடணும். மூலமா இருக்கலாம், புண்ணா இருக்கலாம், அதுக்கு மேலயும் இருக்கலாம். முதுகு வலிக்குதுன்னு சில்லறைக் கடையில வலிக்குளிசை வாங்கி மிட்டாய் மாதிரி போடுறாரே, அதுவே வயித்த ஓட்டை போடும்.

இன்னொரு வாசலும் இருக்கு. ரத்த அணு சின்னதா இருக்குன்னு எழுதியிருந்தா உடனே இரும்புக் குறைவுன்னு முடிவு கட்டிரக்கூடாது. தலசீமியான்னு பரம்பரையா வர்ற ரத்த நோய லேசாச் சுமக்கிறவங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், இந்த நாட்டுல அப்படிப்பட்டவங்க நிறையப் பேர். அவங்களுக்கு இரும்பு போத்தல் போத்தலா ஊத்தினாலும் அணு பெருசாகாது, தேவையில்லாத இரும்புதான் சேரும். ஃபெரிட்டின்னு ஒரு பரிசோதனை இருக்கு, உடம்புல இரும்பு இருப்பு எவ்வளவுன்னு அதுதான் சொல்லும். 15-க்குக் கீழன்னா பெட்டி காலி, சந்தேகமே இல்ல. காய்ச்சல், நோவு இருக்கிறப்ப எடுத்தா மட்டும் பொய்யா ஏத்திக் காட்டும். உனக்கு வரன் பார்க்கிறாங்களாமே? ஜாதகத்தை தெல்தோட்டை ஐயர்கிட்டக் காட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ரத்தத்தக் காட்டுங்க. ரெண்டு பேரும் தலசீமியாவச் சுமந்தா பிறக்கிற புள்ளைக்கு நோய் முழுசா வர நாலுல ஒண்ணு வாய்ப்பு, வந்தா காலம் பூரா ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கணும். இத பத்துப் பொருத்தத்துல எந்த ஐயரும் சொல்ல மாட்டார்.

குளிசை ஒத்துக்கவே இல்லைன்னா நரம்பு வழியா இரும்பு ஏத்துற ஊசி இருக்கு, அதுவும் ஆஸ்பத்திரியிலதான், டாக்டர் பக்கத்துல நிக்கணும். டவுன்ல பொட்டிக்கடை போத்தல்ல சிங்கம் படம் போட்டு விக்கிற டானிக்கு மட்டும் வேணாம். அதுல இருக்கிற சீனிக்குத்தான் உனக்குச் சுறுசுறுப்பா இருக்கும்.

ரத்தம் 12-ஐத் தொட்டதும் குளிசைய நிறுத்திட்டுக் கேக் வெட்டாத. அதுக்கு அப்புறமும் மூணு மாசம் போடணும், அப்பத்தான் காலியான இருப்பும் நிறையும். எல்லாம் ஒழுங்கா நடந்தா ஒரு மாசத்துல ஒரு கிராமாவது ஏறியிருக்கணும், 8.9 பத்தாகியிருக்கணும். அடுத்த சம்பளத்துக்கு அடுத்த நாள் லீவு போட்டுட்டு ரத்தத்தச் சோதிச்சுட்டு வா. ஏறலைன்னா முக்கியமா ரெண்டு காரணம், ஒண்ணு உள்ள எங்கயோ ஒழுகுது, இல்ல குளிசை வயித்துக்குப் போகல. முதலாவத டாக்டர் பார்த்துப்பார். ரெண்டாவதுக்கு உன் கட்டில் அடியில இருந்த பிஸ்கட் டின்ன நான் இன்னிக்கே எண்ணி மேல் தட்டுல வச்சிட்டேன்.